சிட்டுவின் தினவு: ஒரு மட்டக்குதிரையின் அரிப்பும் அதைத் தணித்த பத்து வாரங்களும்

நான் போய்ச் சேர்ந்தபோது சிட்டு என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாலின் அடியை வேலிக் கம்பத்தில் வைத்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு தேய்த்தபடி இருந்தது. அதன் உயரத்துக்குக் கம்பம் மட்டும் மெழுகு பூசியதுபோலப் பளபளத்தது. விரிசல்களில் முடி சிக்கியிருந்தது, ஓரிரு இடங்களில் காய்ந்த ரத்தமும்.

“ராத்திரி பூரா இந்தச் சத்தம்தான் டாக்டர். நாங்க யாரும் தூங்கல” என்றார் சிட்டுவை வளர்க்கும் அம்மா. பக்கத்தில் நின்ற மகளுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். அந்தப் பெண் எதுவும் சொல்லவில்லை. கையில் ஒரு நோட்டு வைத்திருந்தாள். இந்த ஆய்வில் பாதி அந்த நோட்டிலிருந்து வந்தது.

சிட்டு காயடித்த ஆண், வயது 9. கழுத்தும் முதுகும் சேரும் மேடு வரை உயரம் 122 செ.மீ. எடைப்பட்டை சுற்றிப் பார்த்தால் சுமார் 250 கிலோ, அந்த உயரத்துக்கு இது அதிகம். பிடரியின் கீழே கழுத்து மேட்டில் கொழுப்பு கெட்டியாகத் திரண்டிருந்தது. அன்றைக்கு அதைக் குறித்துக்கொண்டதோடு சரி. பின்னால் மருந்து தேர்ந்தெடுக்கும்போது அதுதான் எங்கள் கையைக் கட்டிப்போட்டது.

முன்கதை இப்படி. மூன்றாண்டுகளுக்கு முன்புவரை சிட்டு ஒரு மேட்டு நிலத்தில், காற்று ஓயாத இடத்தில் வளர்ந்தது. அங்கே தோல் தொந்தரவு எதுவும் இருந்ததில்லை. அப்புறம் குளத்தை ஒட்டிய தாழ்வான மேய்ச்சல் நிலத்துக்கு வந்தது. முதல் வருடம் ஒன்றும் இல்லை. இரண்டாம் வருடம் வெப்பமும் ஈரமும் சேர்ந்த மாதங்களில் வாலை லேசாகத் தேய்த்தது, குளிர் வந்ததும் தானாக நின்றது. மூன்றாம் வருடம் அதே மாதங்களில் பிடரியும் வாலும் ரணமாகிவிட்டன.

வயது, பருவம், இடமாற்றம், ஒவ்வொரு ஆண்டும் கூடிக்கொண்டே போவது எல்லாம் பூச்சிக்கடி ஒவ்வாமை என்ற ஒரே திசையைக் காட்டின. அப்படி இருந்தும் அன்றைக்கு நான் முடிவு எதையும் சொல்லவில்லை. உடம்பில் இரண்டு இடங்கள் அந்தக் கதையோடு ஒட்டவில்லை.

உடம்பில் கண்டது

பிடரி மயிர் கட்டையாக உடைந்து, தேய்ந்துபோன பிரஷ் மாதிரி நட்டுக்கொண்டு நின்றது. அதன் அடித்தோல் தடித்து மடிப்பு மடிப்பாக இருந்தது. பொருக்கைத் தூக்கினால் கீழே நீர் கசிந்தது. வாலின் மேல்பகுதி முடியிழந்து எலிவால் போலாகிவிட்டது. வயிற்றின் நடுக்கோட்டில் சிறு சிறு தடிப்புகள். உடல் வெப்பம் 37.8 டிகிரி, அதில் கோளாறு இல்லை.

இதுவரை பார்த்தவை பூச்சிக்கடி ஒவ்வாமைக்கு வழக்கமான இடங்கள். ஒட்டாத இடங்கள் இரண்டு தோள்களும். அங்கே மேலிருந்து கீழாக மூன்று நான்கு கோடுகள் ஓடின. கோட்டுக்குள் தோல் வறண்டு செதில் உதிர்த்தது, தொட்டால் சூடாக இருந்தது. கோட்டுக்கு வெளியே இருந்த தோலில் எந்தக் குறையும் இல்லை. பூச்சி கோடு போட்டுக் கடிப்பதில்லை. சுவரில் தண்ணீர் வழிந்த தடம் போல இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் உடனே கேட்கத் தோன்றவில்லை.

வேறு எதெல்லாம் இருக்கலாம்

வாலைத் தேய்க்கும் குதிரை என்றதும் கீரிப்பூச்சி நினைவுக்கு வர வேண்டும். ஆக்ஸியூரிஸ் ஈக்வை என்ற அந்தப் புழு ஆசனவாயைச் சுற்றி முட்டையை ஒட்டிவிட்டுப் போகும். நமைச்சல் அங்கேதான் இருக்கும், பிடரிக்குப் போகாது. சாணப் பரிசோதனையில் முட்டை அகப்படாமல் போவதே அதிகம். அதனால் ஒட்டுநாடாவை வாலடியில் அழுத்தி எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். மூன்று நாள் காலையில், கழுவுவதற்கு முன் எடுத்தோம். முட்டை எதுவும் தென்படவில்லை.

பேன் இருக்கிறதா என்று பிடரியைக் கறுப்புத் தாளின் மேல் வாரிப் பார்த்தோம். பொடுகுதான் விழுந்தது, எதுவும் நகரவில்லை, முடியில் ஈறும் இல்லை. தோலைச் சுரண்டி எடுத்த மாதிரியில் சொறிப்பூச்சி கிடைக்கவில்லை. குதிரைக்கு வரும் படர்தாமரையில் பொதுவாக அரிப்பு குறைவு, ஆனாலும் முடி மாதிரியை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து, பூஞ்சை வளரவில்லை என்று பதில் வந்தது. கசியும் இடங்களில் கண்ணாடித் துண்டை ஒற்றிப் பார்த்தபோது இரண்டு இடத்தில் உருண்டைப் பாக்டீரியாவும் அதை விழுங்கிய வெள்ளணுக்களும் தெரிந்தன. அதாவது தேய்த்துத் தேய்த்து உண்டான புண்ணில் கிருமியும் குடியேறியிருந்தது.

ரத்தத்தில் ஒவ்வாமைச் சோதனை செய்யலாமா என்று அந்த அம்மா கேட்டார். வேண்டாம் என்றேன். எந்த அரிப்பும் இல்லாத குதிரைகளில்கூட அந்தச் சோதனை ‘ஆம்’ என்று வருவது சாதாரணம். காசைக் கொடுத்துக் குழப்பத்தை வாங்க வேண்டியதில்லை.

மேசைமேல் இருந்த ஏழு புட்டிகள்

கிளம்பும் நேரத்தில்தான் அதைக் கேட்டேன். “இதுவரைக்கும் என்னென்ன போட்டீங்க?”

அம்மா உள்ளே போய் ஒரு கூடையோடு வந்தார். நாய்களுக்கான உண்ணி ஷாம்பூ, மனிதர்களுக்கான பொடுகு ஷாம்பூ, பூஞ்சைக் களிம்பு, வாசனை சேர்த்த எண்ணெய், பென்சைல் பென்சோயேட் திரவம், குதிரைக்கான ஒரு ஈ விரட்டி. கடைசியாக வந்தது வீட்டிலேயே தயாரித்த தெளிப்பான். வினிகர், டீ ட்ரீ எண்ணெய், பாத்திரம் கழுவும் சோப்பு மூன்றும் அதில் கலந்திருந்தன. ஐந்து வாரத்துக்குள் ஏழும் தோலில் ஏறியிருக்கின்றன, சில நாட்களில் மூன்று ஒரே நாளில்.

“தெளிப்பானை எங்கே அடிப்பீங்க?”

“பிடரி ஓரமா. நல்லா நனையற மாதிரி.”

“அப்புறம் அது எங்கே போகும்?”

அம்மா பதில் சொல்வதற்குள் மகள் சிட்டுவின் தோளில் விரல் வைத்துக் கீழ்நோக்கி ஒரு கோடு இழுத்தாள். அந்தக் கோடுகள் வழிந்த தடமேதான்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கண்ணெதிரே ஒரு உயிர் ரத்தம் வரத் தேய்த்துக்கொள்ளும்போது சும்மா இருக்க யாரால் முடியும்? ஆனால் நடந்தது இதுதான். குதிரையின் தோல் கிட்டத்தட்ட நடுநிலையானது, அமில அளவு 7ஐ ஒட்டி இருக்கும். மனிதத் தோல் 5.5 பக்கம். நமக்காகத் தயாரித்த ஷாம்பூவும் வினிகரும் அதற்குப் பொருந்தாதவை. டீ ட்ரீ எண்ணெய் நல்ல தோலையே எரிக்கக்கூடியது, ரணத்தில் பட்டால் கேட்கவே வேண்டாம். பென்சைல் பென்சோயேட் பூச்சியை விரட்டப் பழங்காலமாகப் பயன்படுவதுதான், ஆனால் உரிந்த தோலில் போடக்கூடாது. சோப்பு தோலின் எண்ணெய்ப் பசையை உருவிவிடும்.

அரிப்புக்கு ஒரு வரம்பு உண்டு. பானையில் முக்கால்வாசி தண்ணீர் இருக்கும்போது வெளியில் எதுவும் தெரியாது. இன்னும் இரண்டு குவளை ஊற்றினால் வழியும். ஒவ்வாமை, கிருமி, வறட்சி, எரிச்சல் எல்லாம் அதே பானையில்தான் விழுகின்றன. சிட்டுவின் பானையைப் பூச்சி பாதி நிரப்பியது, மீதியைப் பராமரிப்பு நிரப்பியது. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி இருந்தது, செலவும் இல்லாத வழி.

முதல் சிகிச்சை: நிறுத்துவது

கூடையை மூட்டை கட்டி அலமாரியில் வைக்கச் சொன்னேன். ஆறு நாளைக்குக் குளிர்ந்த தண்ணீர் மட்டும். கிருமி இருந்த அந்த இரண்டு இடங்களை மட்டும் நீர்த்த குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினியால் ஒற்றி எடுக்கச் சொன்னேன். சுத்தமான பரிசோதனை என்றால் அதையும் விட்டிருக்க வேண்டும், ஆனால் சீழ் பிடிக்க விட்டுவிட்டு ஆராய்ச்சி செய்ய நான் தயாராக இல்லை.

நோட்டு இங்கே வேலைக்கு வந்தது. “குறைஞ்சிருக்கா”, “கொஞ்சம் பரவாயில்ல” என்பதையெல்லாம் நான் நம்புவதில்லை. பதற்றத்தில் இருப்பவருக்கு ஒரு நல்ல நாள் வாரம் முழுவதுமாகத் தெரியும். அதனால் தினமும் மூன்று முறை, பத்துப் பத்து நிமிடம், சிட்டு எத்தனை தடவை தேய்க்கிறது, கடிக்கிறது, காலால் சொறிகிறது என்று எண்ண வேண்டும் என்று சொன்னேன். காலை 11 மணி, மாலை 6:30, விடியலுக்கு முன் 5:30. விடியல் எண்ணிக்கைக்கு லாயத்தில் ஒரு போனைக் கட்டிவைத்தார்கள்.

எதையும் மாற்றாமல் முதல் மூன்று நாள் எண்ணியதில் சராசரி இப்படி வந்தது: காலை 9, மாலை 14, விடியல் 12. எல்லாவற்றையும் நிறுத்திய ஆறாம் நாள் காலை 3, மாலை 13, விடியல் 12.

இந்த ஆய்வில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். பகல் அரிப்பு மூன்றில் ஒன்றாகக் குறைந்துவிட்டது. அந்தி அரிப்பும் விடியல் அரிப்பும் அசையவே இல்லை. பகலில் சிட்டுவைப் படுத்தியது புட்டிகள், அந்தியில் படுத்தியது பூச்சி. இரண்டு நோய்கள் ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. முதல் நாளே ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் இரண்டும் சேர்ந்து அடங்கியிருக்கும், எது எது என்று தெரியாமலே போயிருக்கும். மருந்து தீர்ந்ததும் கூடை மறுபடி வெளியே வந்திருக்கும்.

தோள் கோடுகள் பத்து நாளில் மறைந்தன. அங்கே போட்ட மருந்து எதுவும் இல்லை.

தணிப்பது எப்படி

ஒவ்வாமை அடங்க வாரங்கள் ஆகும். அதுவரை அந்தக் குதிரைக்கு நிம்மதி வேண்டும். நாங்கள் செய்தவற்றில் நன்றாக உதவியதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பலர் தவறுவது சின்னச் சின்ன விவரங்களில்தான்.

தண்ணீர் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். வெதுவெதுப்பான நீர் இதமாகத் தோன்றும், ஆனால் சூடு தோலில் ரத்த ஓட்டத்தைக் கூட்டி நமைச்சலை எழுப்பும். குழாய் நீரைப் பீய்ச்சாமல், கழுத்து மேட்டில் மெதுவாக வழிய விட வேண்டும். பத்து நிமிடம், காலை மாலை இரு வேளை. மாலைக் குளியலை அந்திக்கு முன்பே முடித்துவிட வேண்டும். இரண்டாம் நாளே சிட்டு கீழுதடு தொங்க, ஒரு பின்காலைத் தளர்த்தி நின்றது. குதிரை அப்படி நின்றால் அது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டது என்று அர்த்தம்.

துண்டால் தேய்த்துத் துடைக்கக் கூடாது, ஒற்றி எடுக்க வேண்டும். தேய்க்கிற சுகமே அடுத்த தேய்ப்புக்கு அழைப்பு. இதே காரணத்துக்காகப் பற்கள் உள்ள இரும்புத் தேய்ப்பானைத் தடை செய்து, மென்மையான பிரஷை மட்டும் நல்ல தோலில் பயன்படுத்தச் சொன்னேன். சிட்டு பிடரியைச் சொறிந்துவிடச் சொல்லித் தலையைக் கொண்டுவந்து கொடுக்கும், உதட்டை நீட்டி நெளிக்கும். சொறிந்துவிட்டால் சந்தோஷப்படும். அந்தப் பெண்ணுக்கு அதை மறுப்பதுதான் மிகவும் கஷ்டமாக இருந்தது. ஈரத் துணியை அழுத்திப் பிடித்தால் அதே ஆறுதல் கிடைக்கும், தோலும் கிழியாது என்று காட்டினேன்.

ஏழாம் நாளிலிருந்து ஓட்ஸ் கழுவல். தோலுக்கென்று நுண்மாவாக அரைத்து விற்கும் கூழ்ம ஓட்ஸைக் குளிர்ந்த நீரில் கரைத்து, கடைசியாக ஊற்றி, அலசாமல் விட்டுவிட வேண்டும். அதில் உள்ள அவெனாந்த்ரமைடு என்ற சேர்மங்கள் அழற்சியைத் தணிப்பவை, மாவுச்சத்து ஈரத்தைப் பிடித்துவைக்கும். அற்புதமெல்லாம் நடக்காது. சிட்டுவுக்கு ஒரு தடவைக்கு நாலைந்து மணி நேரம் நிம்மதி கொடுத்தது, எங்களுக்கு அது போதும்.

கிருமிக்காக 2 சதவீதக் குளோர்ஹெக்ஸிடின் ஷாம்பூ, வாரம் இரு முறை, மூன்று வாரம். நுரை தோலில் பத்து நிமிடம் நிற்க வேண்டும். கடிகாரம் வைத்துப் பார்த்தால் தெரியும், பெரும்பாலோர் மூன்றாவது நிமிடமே அலசிவிடுகிறார்கள். அலசுவதிலும் அவசரப்படக் கூடாது, மிச்சம் தங்கிய ஷாம்பூ இன்னொரு எரிச்சல். பொருக்கைக் காய்ந்த நிலையில் பிய்க்காமல் நுரையில் ஊறவிட்டால் தானாக வழன்று வரும். மூன்று வாரத்துக்குப் பிறகு வாரம் ஒரு முறைக்குக் குறைத்தோம்.

கசிவு நின்ற இடங்களில் வாசனையே இல்லாத பெட்ரோலியம் ஜெல்லி, மெல்லிய பூச்சாக. உரிந்த இரண்டு சிறு இடங்களுக்குத் துத்தநாக ஆக்ஸைடு களிம்பு. வழவழப்பான பூச்சு வறட்சியைத் தடுக்கும், சிறு பூச்சிகள் உட்காரவும் தடை. எந்தப் புதுப் பொருளாக இருந்தாலும் முதலில் விலாவில் நாணயம் அளவுக்குத் தடவி, இரண்டு நாள் பார்த்துவிட்டுத்தான் மற்ற இடத்துக்கு என்று ஒரு விதி வைத்தோம். அந்த விதியில் ஒரு க்ரீம் தோற்றது. நாணயம் அளவுக்குச் சிவந்ததோடு போயிற்று.

பூச்சிக்கு வேலி

எதிரி குலிகாய்ட்ஸ் என்ற கடிபூச்சி. நீளம் 1 முதல் 3 மி.மீ., கண்ணுக்குத் தூசி மாதிரிதான் தெரியும். பெண்பூச்சிதான் ரத்தம் குடிக்கும். ஈரச் சேறு, அழுகும் இலைதழை, சாணக் குவியலின் ஓரம் இவைதான் அது பெருகும் இடங்கள். அந்தியிலும் விடியலிலும் கூட்டமாகக் கிளம்பும். நோட்டின் எண்கள் சொன்னதும் அதைத்தான்.

குதிரைக்குப் பிரச்சினை கடியில் இல்லை, பூச்சியின் எச்சிலில் இருக்கிறது. எச்சிலில் உள்ள புரதங்களை உடல் எதிரியாகப் பழகிக்கொண்டால் ஒவ்வாமையைத் தூண்டும் ஐஜிஇ எதிர்ப்பொருள் உருவாகும். அடுத்த கடிக்கு உடனடி நமைச்சல், அதன்பின் இயோசினோஃபில் என்ற வெள்ளணுக்கள் வந்து குவிந்து நாள்கணக்கில் நீடிக்கும் அழற்சி. ஒரே மேய்ச்சல் நிலத்தில் பத்துக் குதிரை நின்றாலும் ஒன்றுக்கு மட்டும் வருவதற்கு அதுதான் காரணம்.

இதற்கு ஐஸ்லாந்துக் குதிரைகளை விடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. அந்தத் தீவில் நெடுங்காலம் இந்தப் பூச்சி இல்லை, அங்கேயே இருந்த குதிரைகளுக்கு இந்த நோயும் இல்லை. வளர்ந்த பிறகு ஐரோப்பியப் பெருநிலத்துக்கு ஏற்றுமதியான குதிரைகளில் ஏராளமானவற்றுக்கு, பூச்சி மிகுந்த இடங்களில் பாதி வரைக்கும்கூட, சில கோடைக்குள் வந்துவிடுகிறது. காற்று வீசும் மேட்டிலிருந்து குளக்கரைக்கு வந்த சிட்டுவின் கதை அதன் சிறு வடிவம்.

குலிகாய்ட்ஸுக்குப் பறப்பதில் பலம் கிடையாது, இளங்காற்றே அதற்குப் பெரிய தடை. ஆகவே லாயத்தில் ஒரு பெரிய மின்விசிறியை உயரத்தில், கம்பி சிட்டுவின் வாய்க்கு எட்டாதபடி மாட்டினோம். மாலை 4 முதல் காலை 8 வரை உள்ளே. பகலில் குளத்திலிருந்து தள்ளிய மேட்டுப் பகுதியில் மேய்ச்சல். ஒழுகிக்கொண்டிருந்த தண்ணீர்த் தொட்டியைச் சரிசெய்து, அதைச் சுற்றியிருந்த சேற்றை மூடினார்கள். சாணக் குவியல் லாயத்தை விட்டு நன்றாகத் தள்ளிப் போனது.

பூச்சி விரட்டி விஷயத்தில் சிட்டுவின் நண்பர் ஒருவர் முடிவெடுத்தார். அந்த வீட்டுப் பூனை ராத்திரியில் சிட்டுவின் முதுகில் ஏறிப் படுத்துத் தூங்கும். இந்த நோய்க்குப் பலரும் பயன்படுத்துவது பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி. பூனையின் உடலால் அதைச் சரியாகச் சிதைத்து வெளியேற்ற முடியாது, உயிருக்கே ஆபத்து. மீன்களுக்கும் அது கொடிய நஞ்சு, பக்கத்தில் குளம் வேறு. அதனால் அதை விட்டுவிட்டு, குதிரைக்கென்று தயாரான இகாரிடின் விரட்டியை, நான்காம் வாரத்தில் தோல் மூடிய பிறகு, நாணயச் சோதனைக்குப் பின் தொடங்கினோம்.

என் தவறு

இரண்டாம் வாரக் கடைசியில் பூச்சிப் போர்வை போடச் சொன்னேன். எந்தப் போர்வை என்று சொல்லவில்லை. அவர்கள் வாங்கியது சாதாரண ஈ வலைப் போர்வை, இருபத்துநான்கு மணி நேரமும் போட்டும் வைத்தார்கள். மூன்றாம் வாரம் மாலை எண்ணிக்கை 12. நோட்டில் அந்தப் பெண் எழுதியிருந்தாள்: “போர்வைக்கு உள்ளே பூச்சி இருக்கு.”

போய்ப் பார்த்தேன், இருந்தது. அந்த வலையின் கண் பெரிய ஈக்களைத் தடுக்கும். குலிகாய்ட்ஸோ சாதாரணக் கொசுவலையின் கண் வழியாகவே நுழையக்கூடியது. உள்ளே போனது வெளியே வர அவசரப்படாமல் காற்றில்லாத இடத்தில் சௌகரியமாக உட்கார்ந்து குடித்தது. போதாக்குறைக்குத் தோள் எலும்பின் மேல் போர்வை உராய்ந்து, ஆறிய இடத்தில் புதுச் சிராய்ப்பு. ஒரு சொல்லை விட்டதற்கு ஒரு வாரம் போயிற்று.

மாற்றி வாங்கியது மிக நுண்ணிய நெசவுள்ள போர்வை. கழுத்தை முழுவதும் மூடும், வயிற்றுக்கு அடியில் பட்டை, வாலுக்கு மடிப்பு உண்டு. தோளில் உட்பக்கம் வழுவழுப்பான துணி தைத்தார்கள். முதல் நாள் இரண்டு மணி நேரம், பிறகு நாளுக்கு நாள் கூட்டி ஒரு வாரத்தில் முழு நேரம். தினம் ஒரு முறை கழற்றி உடம்பைத் தடவிப் பார்ப்பது கட்டாயம். ஐந்தாம் வாரம் மாலை எண்ணிக்கை 5.

மாத்திரை, ஊசி

“இதுக்கு ஒரு மாத்திரை இல்லையா டாக்டர்?” இதை அந்த அம்மா மூன்று முறையாவது கேட்டிருப்பார். நியாயமான கேள்விதான். இருக்கிறது. ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் இரண்டு மூன்று நாளில் அரிப்பு அடங்கும். (ப்ரெட்னிசோனும் இதுவும் ஒன்றல்ல. ப்ரெட்னிசோன் குதிரையின் குடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை, பெயர் ஒற்றுமையில் ஏமாறக் கூடாது.)

தடையாக இருந்தது அந்தக் கழுத்துக் கொழுப்பு. அது இன்சுலின் கோளாறுக்கு அடையாளமாக இருக்கலாம். ரத்தம் எடுத்துப் பார்த்தேன், இன்சுலின் ஆய்வகத்தின் எல்லையைத் தாண்டித்தான் இருந்தது. இப்படிப்பட்ட குதிரைக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் குளம்புக்குள் அழற்சி வந்து நடக்கவே முடியாமல் போகும் அபாயம் கூடுகிறது. மட்டக்குதிரைகள் இந்த விஷயத்தில் பெரிய குதிரைகளை விட மென்மையானவை. அரிப்பைத் தணிக்கப் போய்க் காலை இழப்பது எந்தக் கணக்கிலும் சரிவராது. பிடரியில் உள்ளங்கை அளவுக்கு இரண்டு இடங்களுக்கு மட்டும், ஐந்து நாள், தோலில் அடிக்கும் ஸ்டீராய்டு தெளிப்பான் கொடுத்தேன். அந்த ஐந்து நாளும் குளம்பின் சூட்டையும் கணுக்காலுக்குக் கீழே நாடித் துடிப்பையும் காலையில் பார்க்கக் கற்றுக்கொடுத்தேன்.

ஒவ்வாமைக்கு மனிதர்கள் சாப்பிடும் ஆன்டிஹிஸ்டமின் வகை மாத்திரை குதிரைகளில் நம்பகமானதல்ல. சிலவற்றுக்கு உதவுகிறது, பலவற்றுக்கு இல்லை. சிட்டுவுக்கு நான் தொடங்கவில்லை. ஆளி விதை தீவனத்தில் சேர்க்கலாமா என்று கேட்டார். ஆய்வு முடிவுகள் இருவிதமாகவும் இருக்கின்றன, கெடுதல் இல்லை, ஆனால் எடை குறைக்க வேண்டிய குதிரைக்குக் கொழுப்பு சேர்ப்பதைக் கணக்கில் வைத்துக் கொஞ்சமாகக் கொடுங்கள் என்றேன்.

தடுப்பூசி பற்றி மகள்தான் எங்கோ படித்துவிட்டுக் கேட்டாள். 2018இல் சூரிச் ஆய்வாளர்கள் வெளியிட்ட வேலை அது. இயோசினோஃபில்களைக் கூப்பிடும் இன்டர்லூக்கின்-5 என்ற புரதத்துக்கு எதிராகக் குதிரையின் உடலே எதிர்ப்பொருள் செய்யும்படி ஊசி. ஐஸ்லாந்துக் குதிரைகளில் புண்கள் குறைந்தன. அவளுக்கு இதைப் படம் வரைந்து விளக்க அரை மணி நேரம் ஆயிற்று. அன்றைக்குப் பார்க்க வேண்டியிருந்த வேறு எதையும் நான் பார்க்கவில்லை.

பத்தாவது வாரம், அதன் பிறகு

பத்தாம் வார எண்கள்: காலை 0 அல்லது 1, மாலை 2, விடியல் 1. பிடரியில் புது முடி விரற்கடை அளவுக்கு வளர்ந்திருந்தது. தடித்த மடிப்புகள் மென்மையாகியிருந்தன, ஆனால் முழுவதும் போகவில்லை. வாலடி மெதுவாகத்தான் வருகிறது. எடை 12 கிலோ குறைந்திருந்தது. நோய் போய்விட்டதா என்றால் இல்லை. இந்த ஒவ்வாமை வாழ்நாள் முழுவதும் இருக்கும். வாரிசுக்கும் போகக்கூடியது, சிட்டு காயடித்தது என்பதால் அந்தக் கவலை இல்லை.

ஒன்பதாம் வாரத்தில் ஒரு சறுக்கல் இருந்தது. ஒரு மாலை வீட்டில் எல்லாரும் வெளியே போய்விட, சிட்டு இருட்டும் வரை போர்வையில்லாமல் குளத்துப் பக்கம் நின்றுவிட்டது. அடுத்த நாள் மாலை எண்ணிக்கை 9. பழைய நிலைக்குத் திரும்ப நான்கு நாள் ஆயிற்று. ஒரே ஒரு அந்தி. அதற்குப் பிறகு போர்வை போடும் வேலையை மகள் யாரிடமும் விடுவதில்லை.

அடுத்த ஆண்டு பூச்சி கிளம்பும் மாதத்துக்கு மூன்று வாரம் முன்பே போர்வையும் விசிறியும் தயாராகிவிட்டன, முதல் தேய்ப்புக்குக் காத்திருக்கவில்லை. அந்தப் பருவம் முழுவதும் மாலை எண்ணிக்கை 4ஐத் தாண்டவில்லை. வயிற்று நடுக்கோட்டில் மட்டும் இன்னும் சில தடிப்புகள் வருகின்றன. அடிப்பட்டை நகர்ந்துவிடுகிறது, அதை எப்படி நிற்கவைப்பது என்று இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிறோம். வேலிக் கம்பத்தின் பளபளப்பு மங்கிவிட்டது. பூனை இப்போது போர்வையின் மேல் படுக்கிறது.